டபராவில் ஆறிய மசோதா

எடிசன், நியூஜெர்சி
2025 டிசம்பர்

மன்னார்குடியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் "குளிர் எப்படி?" என்பதற்கு அடுத்த கேள்வி, "அங்கே உங்களுக்கெல்லாம் ஓட்டு உண்டா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எடிசனில் குடியிருக்கும் ஒரு மன்னார்குடிக் குடும்பத்தின் நிலவரத்தை ஒரே கடிதத்தில் எழுதிவிடுவது உத்தமம்.

அப்பா எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசையில் 2014-இல் சேர்ந்தவர், இன்னும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அம்மாவுக்கு எச்-4, அதாவது அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கும் விசா. மகள் 2007 ஜூலையில் இங்கேயே பிறந்தவள். அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது திருத்தப்படி பிறந்த அன்றே குடிமகள். ஆனால் 2024 நவம்பரில் அதிபர் தேர்தல் வந்தபோது அவளுக்கு வயது 17. 26-ஆவது திருத்தம் 18 கேட்கிறது. ஆக, ராத்திரி பதினோரு மணிவரை மூன்று பேரும் அரசியல் பேசுகிற வீட்டில் அப்போது ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் "ஏபி கவ்", அதாவது அரசாங்கமும் அரசியலும் என்ற பாடம், எடுத்தாள். ஏபி என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் கல்லூரித் தரப் பாடங்களின் வரிசை. பள்ளியிலேயே படித்து, மே மாதம் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும். தேர்வுக் கட்டணம் நூறு டாலரை ஒட்டி இருக்கும்; அதே பாடத்தைக் கல்லூரியில் எடுத்தால் ஆயிரக்கணக்கில் போகும். தமிழ்ப் பெற்றோர் இதை உயர்கல்வி என்று வெளியே சொல்வார்கள், உள்ளுக்குள் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது "உங்க பொண்ணு எத்தனை ஏபி?" என்று கேட்பது இங்கே குசலம் விசாரிப்பதைப் போன்ற மரியாதை. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் என்று சொல்லிக்கொண்டு வந்தால் கேட்டவர் முகம் மலரும். அரசாங்கமும் அரசியலும் என்று முடித்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி ஆகிவிடும். "பரவாயில்லை, பொது அறிவு வளரும்" என்று ஒரு மாமி ஆறுதலே சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குப் பாடத்திட்டத்தைப் பார்த்ததும் தெம்பு வந்தது. பட்டியல் இருந்தால் மனப்பாடம் செய்துவிடலாம் என்று நம்பும் தலைமுறை அவருடையது. கட்டாயம் படிக்க வேண்டிய ஆவணங்கள் 9: சுதந்திரப் பிரகடனம், அதற்குப் பின் வந்த கூட்டமைப்பு விதிகள், அரசமைப்புச் சட்டம், பெடரலிஸ்ட் கட்டுரைகளில் நான்கு, அவற்றுக்கு எதிர்த்தரப்பில் புரூட்டஸ் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய முதல் கட்டுரை, பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம். இவை போக, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 14.

பக்கத்து வீட்டு அக்கா கல்லூரிக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய வழிகாட்டியில் தீர்ப்புகள் 15 இருந்தன. ஒன்று குறைவதைக் கண்டுபிடித்தவர் அம்மா. பள்ளியில் போர்ஷனை முடிக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்பது அவர் முடிவு. காணாமல் போனது ரோ எதிர் வேட், கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதை 2022-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. பாடத்திட்டமும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாடு முழுக்க அடித்துக்கொள்ளும் ஒரு விவகாரம், இந்த வீட்டுக்குள் போர்ஷன் குறைந்த கதையாகத்தான் முதலில் நுழைந்தது.

அரசமைப்புச் சட்டம் அப்பாவை ஏமாற்றியது. 395 பிரிவுகளோடு பிறந்த இந்திய அரசமைப்பைப் பள்ளியில் படித்தவர் அவர். இதில் 7 பிரிவுகள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு என்றாலும், மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். 1787-இல் பிலடெல்பியாவில் ஒரு கோடைக்காலம் முழுக்க 55 பேர் வந்து போய் விவாதித்தார்கள், கடைசியில் 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் இதுவரை 27. "இவ்வளவு வருஷத்துல இருபத்தேழுதானா?" என்றார் அப்பா. நம் ஊரில் நூறைத் தாண்டிவிட்டது என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம்.

அம்மாவை இழுத்துக்கொண்டது பெடரலிஸ்ட் கட்டுரைகள். புதிய அரசமைப்பை ஏற்கச் சொல்லி நியூயார்க் பத்திரிகைகளில் வந்தவை, மொத்தம் 85. ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூன்று பேர் பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயரில் எழுதினார்கள். ஜே நோய்வாய்ப்பட்டதால் ஐந்தோடு நின்றார். ஹாமில்டன் மட்டும் 51 எழுதினார். வாராவாரம் தொடர்கதை படித்து வளர்ந்த அம்மாவுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்தது. ஆனால் கட்சி என்று வந்தபோது அவர் புரூட்டஸ் பக்கம் சாய்ந்தார். இவ்வளவு பெரிய நாட்டைத் தூரத்திலிருக்கும் ஒரு சபை ஆண்டால், அங்கே போகிற பிரதிநிதிக்கு ஜனங்களைத் தெரியாது, ஜனங்களுக்கும் அவரைத் தெரியாது என்பது புரூட்டஸின் கவலை. "கரெக்டாத்தானே சொல்லியிருக்கார்? நம்ம ஏரியா காங்கிரஸ்காரர் பேர் என்னங்க?" என்று அம்மா கேட்டார். அப்பா போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். புரூட்டஸ் ஜெயித்தார்.

மேடிசன் எழுதிய 51-ஆம் கட்டுரைதான் மொத்தப் பாடத்துக்கும் சாவி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதிகாரத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மற்றதைத் தடுக்கும் சக்தியைக் கொடுத்துவிட்டால் யாரும் சர்வாதிகாரி ஆக முடியாது என்பது அவருடைய ஏற்பாடு. மகள் அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது சுருக்கிச் சொன்னாள்.

"யாரும் எதையும் சீக்கிரமா செஞ்சிடக் கூடாதுப்பா. அதான் டிசைன்."

"டிசைனா? நான் பக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார் மென்பொருள்காரர்.

அக்டோபரில் காங்கிரஸ் பாடம் வந்தது. வகுப்பிலேயே மாதிரிச் செனட் நடத்தி, மதிய உணவு நேரத்தை ஐந்து நிமிடம் நீட்டுவதற்கு மசோதா கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஆதரித்த மசோதா. அது குழுவுக்குப் போனது, அங்கே தலைவராக இருந்த மாணவன் அதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அவனுக்கு மகள்மேல் ஏதோ கோபம். மணி அடித்தது, மசோதா செத்தது. ஆசிரியை மிகுந்த சந்தோஷத்தோடு, "இதுதான் பாடம்" என்றாராம்.

செனட் எதற்கு என்பதற்கு இங்கே ஒரு பழைய கதை சொல்வார்கள். பிரான்ஸிலிருந்து திரும்பிய ஜெபர்சன், இரண்டாவதாக ஒரு சபை எதற்கு என்று வாஷிங்டனிடம் கேட்டாராம். சூடான பானத்தை ஏன் கிண்ணத்தட்டில் ஊற்றுகிறாய் என்று வாஷிங்டன் திருப்பிக் கேட்டாராம். ஆற்றுவதற்கு என்றாராம் அவர். சட்டத்தை ஆற்றத்தான் செனட் என்றாராம் இவர். நடந்ததற்குச் சான்று கிடையாது, ஆனால் பாடப்புத்தகங்கள் விடுவதில்லை. அம்மாவுக்கு இதில் விளக்கமே தேவைப்படவில்லை. "அப்ப டம்ளர்னா பிரதிநிதிகள் சபை, டபரான்னா செனட்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் செனட்டுக்கு டபரா என்றே பெயர். மகள் ஒரு தேர்வுத்தாளில் அதை எழுதப் போய், சமயத்தில் அடித்துவிட்டாள்.

டபராவில் ஆறி அவலாகிப்போன ஒரு மசோதா அந்த வீட்டுக்கு நெருங்கிய சொந்தம். அதன் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

வேலை அடிப்படையில் அமெரிக்கா ஓர் ஆண்டுக்குக் கொடுக்கும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. மனைவி மக்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. ஐஸ்லாந்தின் ஜனத்தொகை நான்கு லட்சத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். வயோமிங் மாநிலத்தில் ஆறு லட்சம் பேர்கூட இல்லை, கலிபோர்னியாவில் நாலு கோடிக்குப் பக்கம்; செனட்டில் இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு உறுப்பினர்தான். இதை மகள் சொன்னபோது, சபை தன் சாயலிலேயே சட்டத்தையும் பெற்றிருக்கிறது என்று அப்பாவுக்குத் தோன்றியது.

இந்த 7 சதவீத உச்சவரம்பை நீக்க ஒரு மசோதா வந்தது. எண் எச்.ஆர். 1044. எச்-1பிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த எண்ணைத் தெரியாதவர் கிடையாது. 2019 ஜூலை 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்ட அதிசயம். அன்று எடிசனில் இனிப்பு வாங்கியவர்களில் அப்பாவும் ஒருவர்.

பிறகு டபரா. செனட்டில் இதே நோக்கத்தோடு இருந்தது எஸ். 386. முன்மொழிந்தவர்கள் யூட்டாவின் குடியரசுக் கட்சிக்காரர் மைக் லீ, கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிக்காரர் கமலா ஹாரிஸ். விவாதம், வாக்கெடுப்பு என்ற நீண்ட வழியை விட்டுவிட்டு, ஏகமனதாக ஒப்புதல் வாங்கும் குறுக்குவழியில் போனார்கள். அதில் சௌகரியம் உண்டு, யாரும் எதிர்க்காவிட்டால் நிமிஷத்தில் முடிந்துவிடும். சிக்கலும் உண்டு, நூறு பேரில் ஒருவர் எழுந்து "ஆட்சேபம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கென்டக்கியின் ராண்ட் பால் செவிலியர்களுக்கு இடம் குறையும் என்று ஆட்சேபித்தார். அவரைச் சமாதானப்படுத்தினால் ஜார்ஜியாவின் டேவிட் பெர்டூ. அவரை அடுத்து இலினாயின் டிக் டர்பின். டர்பின் சொன்னதிலும் நியாயம் இருந்தது: மொத்த எண்ணிக்கையை ஏற்றாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தால், இந்தியர்களின் காத்திருப்பு மற்ற நாட்டுக்காரர்களின் தலையில் போய் விழும். எச்-1பி வாட்ஸ்அப் குழுக்களில் இந்த நியாயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒவ்வொருவராகச் சமாதானமாகி, 2020 டிசம்பர் 2 அன்று செனட்டிலும் மசோதா நிறைவேறியது. ஆனால் வழியில் சேர்த்த திருத்தங்களால் செனட் மசோதாவும் சபை மசோதாவும் இப்போது வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கி மறுபடி நிறைவேற்ற வேண்டும். 2021 ஜனவரி 3 அன்று அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்தது, அதோடு மசோதாவின் ஆயுளும். இரண்டு சபையிலும் தேறிய பிறகும் ஒரு மசோதா சாக முடியும் என்பது அப்பாவுக்கு நாலு வருஷமாகப் புரியாத மர்மம். மகள் பாடப்புத்தகத்தில் கால் பக்கத்தில் அதைக் காட்டினாள். அவர் அந்தக் கால் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

2022 டிசம்பரில் ஈகிள் என்ற பெயரில் அது மறுபிறவி எடுத்து வந்தது. அந்த முறை சபையில் வாக்கெடுப்புக்கே விடாமல் இழுத்துக்கொண்டார்கள். அப்பா இனிப்பு வாங்கியிருக்கவில்லை.

அதிபர் தேர்தல் 2024 நவம்பரில். நியூஜெர்சிக்கு 14 தேர்வாளர் ஓட்டு, டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியாவுக்கு 19. மொத்தம் 538, ஜெயிக்க 270. பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாததால் வேட்பாளர்கள் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். நியூஜெர்சி சாயும் பக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இங்கே ஒரு வேட்டுச் சத்தம் கிடையாது. தெருமுனைக் கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத தேர்தலை, மன்னார்குடியில் வளர்ந்தவர் எப்படித் தேர்தல் என்று ஒப்புக்கொள்வது? வீட்டு வாசல் புல்லில் குத்திவைத்த அட்டைகளை எண்ணிக்கொண்டு போவதுதான் அவருடைய பிரசாரச் சுற்றுப்பயணம்.

சத்தமெல்லாம் மன்னார்குடிப் பக்கம்தான் இருந்தது. துணை அதிபராக இருந்து அதிபர் பதவிக்கு நின்ற கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீகம் துளசேந்திரபுரம். அங்கே பேனர் கட்டி, தர்மசாஸ்தா கோயிலில் பூஜையும் போட்டார்கள். அந்தக் கோயிலின் கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பெயரே உண்டு. மகளின் தாத்தா மன்னார்குடியிலிருந்து தினமும் கூப்பிட்டு விசாரித்தார். "இத்தனை நாள் துணை அதிபரா இருந்து என்னம்மா செஞ்சாங்க?" என்று அவர் கேட்டதற்குப் பேத்தி ஏபி பாணியில் பதில் சொன்னாள்: அரசமைப்புப்படி துணை அதிபர் செனட்டின் தலைவர், ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டும் ஓட்டுப் போடலாம். ஹாரிஸ் அப்படி 33 முறை போட்டார். ஜான் கால்ஹூன் 19-ஆம் நூற்றாண்டில் போட்ட 31-தான் அதுவரை சாதனை.

"அப்ப அந்த கிரீன் கார்டு மசோதா?" தாத்தா விடவில்லை.

"அப்ப அவங்க வெறும் செனட்டர் தாத்தா. அது வேற சாப்டர்."

முடிவு 312-க்கு 226, டிரம்ப் வென்றார். அந்த வீட்டில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதை எழுத வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். விசா புதுப்பிக்கும் நேரம்.

2025 ஜனவரி 20 அன்று பாடம் புத்தகத்தைவிட்டு வெளியே வந்து நின்றது. பதவியேற்ற அன்றே அதிபர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: இனி பிறக்கும் குழந்தையின் தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்தவராகவோ இல்லாவிட்டால், அந்தக் குழந்தைக்குப் பிறப்புக் குடியுரிமை கிடையாது. எச்-1பி அப்பா, எச்-4 அம்மா என்றால் அச்சாக இந்த வீடுதான். அம்மா முதலில் கேட்டது, "நம்ம பொண்ணு?" அவளைத் தொடாது, ஆணை முன்தேதியிட்டது அல்ல. ஆனால் மறுநாளே நியூஜெர்சி உட்பட 18 மாநிலங்கள் வழக்குப் போட்டன. 23-ஆம் தேதி சியாட்டிலில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, ஜான் கஃபனோர், வேறு மாநிலங்கள் தொடுத்த வழக்கில் ஆணையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். ரீகன் நியமித்தவர் அவர். அதிபர் கையெழுத்துப் போட்டு மூன்று நாள்.

வகுப்பில் அந்த வாரம் பாடமே நடத்த வேண்டியிருக்கவில்லை. நிர்வாக ஆணை, 14-ஆவது திருத்தம், நீதிமன்ற மறுஆய்வு என்று மூன்று அத்தியாயங்கள் தொலைக்காட்சியில் ஓடின. மகள் பட்டியலில் இல்லாத ஒரு வழக்கைத் தானே தேடிப் படித்தாள். வாங் கிம் ஆர்க், சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர், பெற்றோர் சீனர். சீனா போய்த் திரும்பியவரை 1895-இல் கப்பலிலிருந்து இறங்கவிடவில்லை. 1898-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அவர் குடிமகனே என்றது. சமையல்காரர் ஒருவர் போட்ட வழக்கில்தான் தன் பாஸ்போர்ட் நிற்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மாவுக்கும் தன் பங்குக்கு ஒரு பாடம் கிடைத்தது: எச்-4-இல் வேலை பார்க்க அவர் வைத்திருக்கும் அனுமதி காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல, 2015-இல் ஒரு துறை போட்ட விதி. துறை கொடுத்ததைத் துறையே எடுக்கலாம். அதிகாரவர்க்கம் என்ற அத்தியாயத்தை அவர் மகளைவிடக் கவனமாகப் படித்தார்.

வீட்டுக்குள் அரசமைப்பு நுழையப் பார்த்ததும் உண்டு. டிங்கர் வழக்கு படித்த வாரம் அது. 1965-இல் ஐயோவா மாநிலத்து டீமாய்னில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள் மேரி பெத் டிங்கர், 13 வயது. பள்ளி இடைநீக்கம் செய்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவள் பக்கம் நின்றது. இதைப் படித்துவிட்டு மகள், ஒரு உறவினர் வீட்டுச் சீமந்தத்துக்குக் கிழிந்த ஜீன்ஸில் வருவது கருத்துரிமை என்று வாதாடினாள். அம்மா நிதானமாக ஒரே கேள்வி கேட்டார்: "இந்த முதல் திருத்தம் யாரைக் கட்டுப்படுத்தும்?" அரசாங்கத்தை மட்டும்தான். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் மகளால் பொய் சொல்ல முடியவில்லை. பட்டுப்பாவாடையில் போனாள்.

லோபஸ் வழக்கு அப்பாவைத் தூங்கவிடவில்லை. 1992-இல் டெக்ஸஸில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்தான். 1995-இல் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது விவாதித்தது துப்பாக்கியை அல்ல, வாணிபத்தை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு காங்கிரஸ் பள்ளிக்கூடத்துத் துப்பாக்கிக்குச் சட்டம் போடலாமா? கூடாது, 5-க்கு 4. "பையன் பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி எடுத்துட்டு வந்திருக்கான், இவங்க வியாபாரம் பேசறாங்களா?" என்று அவர் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பிடித்த கதை கிரெகரி வாட்சனுடையது. டெக்ஸஸ் பல்கலைக்கழக மாணவர். 1982-இல் ஒரு கட்டுரை எழுதினார்: காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குச் சம்பளம் ஏற்றிக்கொண்டால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789-இல் மேடிசன் கொண்டுவந்த திருத்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மாநிலங்கள் இப்போதுகூட ஒப்புதல் தரலாம். கட்டுரைக்குக் கிடைத்தது சி. கோபம் வந்த வாட்சன் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார், பத்து வருஷம் எழுதினார். 1992-இல் அது 27-ஆவது திருத்தமாக அரசமைப்பில் ஏறியது. பல்கலைக்கழகம் 2017-இல் அவர் மதிப்பெண்ணை ஏ என்று மாற்றியது. மார்க் ஏற்றுவதற்காக அரசமைப்பையே திருத்திய ஒருவரை அம்மா மனதார மதித்தார். "தமிழனா இருப்பானோ?" என்றும் கேட்டார்.

கிங்கின் கடிதம் வந்தபோது வீட்டில் கிண்டல் நின்றது. 1963 ஏப்ரலில், போராட்டம் அவசரப்பட்டது என்று சொன்ன எட்டு வெள்ளை மதகுருமார்களுக்குச் சிறையிலிருந்து எழுதிய பதில் அது. கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தவர், தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார். காந்தியின் வழியைப் படித்தவர். பொறு, பொறு என்று சொல்வதன் பொருள் என்ன என்று அவர் கேட்கும் இடத்தில் அப்பா, "நாங்களும் 2014-லேர்ந்து..." என்று ஆரம்பித்தார். அடுத்த பத்தியை மகள் படித்ததும் நிறுத்திக்கொண்டார். விசாவுக்குக் காத்திருப்பதையும் கறுப்பின மக்கள் உரிமைக்குக் காத்திருந்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எதிர் வீட்டு ஈரோட்டுக்காரருக்கு அப்போது குடியுரிமைத் தேர்வு. அன்றைய விதிப்படி 100 கேள்விகள் கொடுத்துவிட்டு, நேர்காணலில் 10 கேட்டார்கள், 6 சொன்னால் தேர்ச்சி. மகள்தான் பயிற்சி கொடுத்தாள். உச்ச நீதிமன்றம் எது என்று தெரிந்தால் போதும் என்று அவர் நினைக்க, பட்டியலிலுள்ள மார்பரி வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி மார்ஷல்தான் முன்பு அமைச்சராக இருந்தபோது மார்பரியின் நியமன உத்தரவை அனுப்பாமல் விட்டவர் என்பதுவரை இவள் ஓட்டினாள். ஈரோட்டுக்காரர் பத்து நிமிடத்தில் தேறிவிட்டு ஜாங்கிரி கொண்டுவந்தார். ஒன்பது ஆவணமும் பதினான்கு தீர்ப்பும் தலைகீழாகச் சொல்லக்கூடிய அப்பா அந்த ஜாங்கிரியைச் சாப்பிட்டார்.

ஏப்ரல் முதல் தேதி, நியூஜெர்சியின் சொந்தச் செனட்டர் கோரி புக்கர் பேச்சை நிறுத்தினார். ஆரம்பித்தது முந்தின நாள் மாலை. 25 மணி 5 நிமிடம், உட்காராமல், கழிப்பறைக்குப் போகாமல். அதற்காகச் சில நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, முந்தின இரவே தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறார். சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 1957-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் பேசிய 24 மணி 18 நிமிடம்தான் அதுவரை சாதனை. அந்த மசோதா அப்படியும் நிறைவேறியது. அப்பா வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆள் ஃபிலிபஸ்டர்ல ரெக்கார்டு போட்டுட்டார்!"

"ஃபிலிபஸ்டர் இல்லப்பா. அவர் எந்த மசோதாவையும் தடுக்கல. வெறும் பேச்சு."

"இருபத்தஞ்சு மணி நேரம் வெறும் பேச்சா?"

"நிஜ ஃபிலிபஸ்டருக்கு இப்பல்லாம் பேசவே வேண்டாம். தடுக்கறேன்னு சொன்னாலே போதும், எதிர்ப்பக்கம் 60 ஓட்டு தேடணும்."

பேசினால் தடுப்பதாக அர்த்தமில்லை, தடுப்பதற்குப் பேச வேண்டியதில்லை. அப்பா அலுவலகக் கூட்டத்துக்குத் திரும்பிப் போனார். அங்கேயும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

மே மாதத் தேர்வு மூன்று மணி நேரம். 80 நிமிடத்தில் 55 கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுக்க வேண்டும். 100 நிமிடத்தில் நான்கு எழுத்துப் பதில்கள். கடைசிப் பதில் ஒரு வாதக் கட்டுரை. அதில் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லி அதற்குப் பதில் தந்தால்தான் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அந்த வீட்டுப் பெரியவர்கள் இருவரும் எழுதியிருந்தால் அந்த மதிப்பெண் போயிருக்கும். ஜூலையில் 4 வந்தது. மாமிக்குச் செய்தி போனது.

அதே ஜூலையில் அவளுக்கு 18. நியூஜெர்சி ஒற்றைப்படை ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலம் என்பதால் நவம்பரிலேயே முதல் ஓட்டு. கல்லூரி விடுதியிலிருந்து வந்து போட்டாள். அப்பாவும் அம்மாவும் காரில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். விரலில் மை இல்லை, ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். தாத்தாவுக்குப் படம் அனுப்பியதில், மை எங்கே என்று கேட்டு உடனே பதில் வந்தது.

திரும்பும் வழியில் அப்பா ஒரு கணக்குச் சொன்னார். 21 வயது நிறைந்த குடிமகள் தன் பெற்றோருக்குக் கிரீன் கார்டு மனுப் போடலாம். அந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, 7 சதவீதமும் கிடையாது. 2028 ஜூலை. வேலை வரிசையில் அவர் முறை அதற்குள் வருமா என்பது சந்தேகம்தான்.

"ஆனா நான்தான் உங்களைக் காப்பாத்துவேன்னு உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும்ப்பா. வருமானம் காட்டணும்."

"என் சம்பளத்தையே காட்டிக்கலாம், விசாரிச்சிட்டேன்." அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். "அதுக்குள்ள யாராவது ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபம்னு சொல்லிட்டா?"

"சொல்ல முடியாது. அது மசோதா இல்ல, ஏற்கெனவே சட்டம். மாத்தணும்னாதான் ரெண்டு சபையும் ஒத்துக்கணும், டபராவுல 60 வேணும்."

"அறுபது வராதுல்ல?"

"எங்க வருது!"

அப்பா ரேடியோவில் பாட்டைப் போட்டார்.